கழுவித் தீராத கையும் கழுவாத கையும்: பல்லடம் பக்கத்து வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவில் உள்ள ஒரு விசைத்தறிக் கிராமத்துக் குடும்பம் இது. மனைவிக்கு 41 வயது, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கணவருக்கு 47, வீட்டை ஒட்டிய செட்டில் கூலிக்கு நெசவு ஓட்டும் எட்டுத் தறிகள். பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள். கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த பிறகும் மனைவி கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். கணவரோ முகக்கவசத்தையே மறந்துவிட்டார், தடுப்பூசியும் போடவில்லை. கேட்டால் "வந்தா வரட்டும்" என்று மட்டும் சொல்வார். எங்கள் மனநலப் பிரிவுக்குச் சிகிச்சைக்கு வந்தவர் மனைவி. கணவர் துணைக்கு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரும் ஒரு நோயாளி என்பது எங்களுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

அதனால் இதைத் தனியாள் ஆய்வாக எழுதாமல் வீட்டு ஆய்வாக எழுதுகிறேன். பெருந்தொற்றும் மனநலமும் என்று பேச்செடுத்தால் பயத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். மனச்சோர்வு ஓர் ஆளைத் தற்காப்பையே கைவிட வைக்கும் என்பது அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. இங்கே இரண்டும் ஒரே கூரைக்குள் இருந்தன, ஒன்றை ஒன்று வளர்த்தும் விட்டன.

அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக வயது, உறவு, தொழில் விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதே மாதிரியான வேறு சில குடும்பங்களில் கண்டவற்றையும் இதில் சேர்த்தே எழுதியிருக்கிறேன். இது இன்னார் வீடுதான் என்று யாரும் தேட வேண்டியதில்லை.

வந்த விதம்

2021 நவம்பரில் தோல் பிரிவிலிருந்து ஒரு சீட்டோடு வந்தார். 'அடிக்கடி கழுவுவதால் கைகளில் தோல் அழற்சி, மனநலப் பிரிவிலும் பார்க்கவும்' என்று அதில் இருந்தது. கையை மேசைமேல் வைக்கச் சொன்னோம், வைக்கத் தயங்கினார். கடைசியில் சேலைத் தலைப்பை மேசையில் விரித்து அதன்மேல் வைத்தார். விரல் முட்டிகளில் குறுக்கே பிளவுகள், சிலவற்றில் ரத்தம் காய்ந்திருந்தது. புறங்கை சிவந்து செதில் செதிலாக உரிந்தது. விரல் நுனிகள் வழவழவென்று ரேகை தேய்ந்து கிடந்தன.

அந்த ரேகைதான் அவரைக் கிளப்பிக் கொண்டுவந்தது. ரேஷன் கடை மிஷினில் அவருடைய விரல் பதியவில்லை. கடைக்காரர் துடைத்துவிட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார், இன்னொரு விரலை வைக்கச் சொல்லியிருக்கிறார், ஒன்றும் நடக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் முன்னால் வெறும் பையோடு திரும்பினார். பிளவும் எரிச்சலுமாக ஐந்து மாதம் பொறுத்துக்கொண்ட வீடு, அரிசி வாங்க முடியவில்லை என்றதும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. மனக்கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களை விட, அதனால் நின்றுபோன ஏதோ ஒரு சோலியைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம்.

வீட்டார் இதை நோயாக நினைக்கவே இல்லை. "எப்பவுமே சுத்தக்காரிங்க, கொரோனா வந்ததுல இருந்து கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் கணவர். அதற்கு முன்னும் ஊரில் அவருக்குச் சுத்தக்காரி என்றுதான் பெயர். வாசலில் போட்ட கோலம் கோணினால் அழித்துப் போடுவார், இரவில் சிலிண்டரை இரண்டு மூன்று தடவை போய்ப் பார்ப்பார். அதனால் வேலை கெட்டதில்லை, தூக்கம் கெட்டதில்லை. செக்கிங் வேலைக்கு அந்தக் கண்தான் தேவை என்று கம்பெனியில் பாராட்டும் உண்டு. ஆக, அரசாங்கம் கை கழுவச் சொன்னதால் வந்த நோய் இல்லை இது. முன்பே லேசாக இருந்த ஒரு போக்குக்குப் பெருந்தொற்று ஒரு காரணத்தையும் ஊர் ஒப்புதலையும் கொடுத்தது, அவ்வளவுதான்.

2020

அந்த வருடம் மார்ச் 22 அன்று மத்திய அரசு முடக்கச் சொன்ன 75 மாவட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, காஞ்சிபுரத்தோடு ஈரோடும் இருந்தது. பக்கத்து மாவட்டத்துப் பெயரை டிவியில் கேட்டதும் கிராமமே பதறியது. வாசலில் வேப்பிலை கட்டினார்கள், மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயிலே உண்டு. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் வந்து ஊரைக் காலி செய்த கதையைப் பாட்டிமார் சொல்லிக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது. அதனால் கொள்ளைநோய்க்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் ஊருக்கு ஒரு பழைய கைப்பழக்கம் இருந்தது.

ஏப்ரல் 1 அன்று திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கப்பாதை ஒன்றை வைத்தார்கள். நாட்டிலேயே முதல் என்று செய்திகளில் வந்தது அதுதான். கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தால் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் தூவும். மனைவி இதை டிவியில் திரும்பத் திரும்பப் பார்த்தார். அதே மாதம் 18-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம், மனிதர்கள்மேல் இப்படித் தெளிக்கக் கூடாது, அது உடலுக்கும் மனதுக்கும் கெடுதல் என்று அறிவுறுத்தியது. அந்தச் செய்தி மட்டும் அவர் காதுக்கு எட்டவே இல்லை. முதல் செய்தி ஊரெல்லாம் போனது, திருத்தம் எங்கேயோ மூலையில் நின்றுவிட்டது.

ஆனாலும் 2020 முழுவதும் அவர் கட்டுக்குள்தான் இருந்தார். கம்பெனி திறந்ததும் வேனில் முகக்கவசத்தோடு போய்வந்தார், வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவினார், குளித்தார். யாருக்கும் தொற்று வரவில்லை. அந்தப் பழக்கங்களை எந்த மருத்துவரும் குறை சொல்ல மாட்டார்.

2021 மே

இரண்டாம் அலையில் கொங்குப் பகுதி பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும். மே கடைசி வாரத்தில் தினசரித் தொற்றில் கோவை மாவட்டம் சென்னையையே தாண்டியது. திருப்பூரும் ஈரோடும் பின்னாலேயே வந்தன. அந்த மாதம் மூன்றாம் வாரத்தில் மாமியாருக்குக் காய்ச்சல், இரண்டு நாளில் மூச்சுத் திணறல். படுக்கை தேடி இரண்டு ஆஸ்பத்திரி அலைந்து மூன்றாவதில் சேர்த்தார்கள். ஐந்தாம் நாள் இறந்துவிட்டார். உடம்பைச் சுற்றிக் கொடுத்தார்கள், முகத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. குளிப்பாட்டவில்லை, கோடி போடவில்லை. வீட்டில் மற்ற மூவருக்கும் அதே சமயம் லேசான காய்ச்சல் வந்து போனது.

துக்கம் விசாரிக்க யாரும் வர முடியாத நேரம், போனில்தான் விசாரித்தார்கள். அதில் மாமியாருடைய தங்கை, வயதானவர், அழுதுகொண்டே சொன்ன ஒரு வார்த்தை: "கம்பெனிக்குப் போயிப் போயி ஊட்டுக்குள்ள கொண்டாந்துட்டாளே." ஸ்பீக்கரில் இருந்த போன். மனைவி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

தொற்று அந்த வழியாகத்தான் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. கணவர் நூல் எடுக்கவும் துணி கொடுக்கவும் அலைந்துகொண்டிருந்தார், மாமியாரே ஏப்ரலில் ஓட்டுப் போடப் போனார், ஒரு கல்யாணத்துக்கும் போனார். ஆனால் வார்த்தை ஒருவர்மேல்தான் விழுந்தது. பதினாறாம் நாள் காரியத்தை நாலு பேரோடு முடித்த அடுத்த நாள் கழுவல் ஆரம்பித்தது என்று மகள் சொன்னாள். நாளை இவ்வளவு துல்லியமாகச் சொன்னது அவள் ஒருத்திதான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சாவுத் தீட்டுக்கு நம் ஊரில் ஒரு முடிவு நாள் உண்டு. வீடு கழுவி, தலைக்கு ஊற்றி, சொந்தபந்தம் வந்து சாப்பிட்டுப் போனால் முடிந்தது. இந்தச் சாவில் அந்த முடிவு சரியாக நடக்கவில்லை. யாரும் வந்து அந்த வீட்டில் கை நனைக்கவில்லை. அவர் தொடர்ந்து கழுவியதற்கு இது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நோயின் விவரங்களைக் கேட்டுக்கொண்டே போனபோது கிருமியை விட இது அடிக்கடி வந்தது.

கழுவல்

நாள் காலையில் பால் பாக்கெட்டில் தொடங்கும். சோப்புப் போட்டுக் கழுவி, வடியவைத்து, அப்புறம் அதைத் தொட்ட கையைக் கழுவி, குழாயைத் தொட்டதால் குழாயைக் கழுவி, திரும்பக் கை. ஒரு தடவை கழுவ இருபது எண்ணுவார். நடுவில் யாராவது கூப்பிட்டு எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து. ரூபாய் நோட்டுகள் முறத்தில் வெயிலில் காயும், சில்லறை மஞ்சள் தண்ணீரில் ஊறும். காய்கறிக்கு உப்பு, மஞ்சள், கடைசியில் துணி சோப்பு. ஆசாரத்து (முன்கூடத்து) கதவுக்குப் பக்கத்தில் செடிக்கு மருந்து அடிக்கிற ஒரு கைத் தெளிப்பான், அதில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். கணவரும் மகளும் உள்ளே வருமுன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். தென்னம்பாளையத்துச் சுரங்கம் அந்த வாசலில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வகுப்புகளுக்குப் பள்ளி திறந்ததும் நிலைமை முற்றியது. மகள் பள்ளியிலிருந்து வந்ததும் நேராக வீட்டுப் பின்னால் உள்ள பொடக்காலிக்குப் போய்த் தலைக்குக் குளிக்க வேண்டும். மழைக்காலத்தில் பொழுதோட (சாயங்காலம்) தினமும் பச்சைத் தண்ணீர்க் குளியல், ஓயாத சளி. சளியைப் பார்த்து அம்மாவுக்கு மேலும் பயம்.

தண்ணீர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் முதல் சண்டை வந்தது அதில்தான். இந்தப் பக்கம் நல்ல தண்ணி வாரத்துக்கு ஒரு தடவை வந்தாலே பெரிய விஷயம். மற்றதெல்லாம் போர்த் தண்ணி, உப்பு. உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சோப்பு சேர்ந்து பிசுபிசுப்பாகக் கையில் ஒட்டும். அந்தப் பிசுபிசுப்பை அவர் 'இன்னும் போகவில்லை' என்று எடுத்துக்கொண்டார். இன்னும் சோப்புப் போடுவார், இன்னும் ஒட்டும். ஒரு கட்டத்தில் குடிக்கப் பிடித்து வைத்த நல்ல தண்ணியில் கை கழுவ ஆரம்பித்தார். குடம் காலியானதும் கணவர் கத்தினார். கழுவி முடிந்தது என்று கை சொல்ல வேண்டும், அந்தத் தண்ணீரில் கை அதைச் சொல்லாது. நகரத்து ஆலோசனை அறையில் உட்கார்ந்துகொண்டு இதை ஊகித்திருக்க முடியாது. அவர் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி, நாங்களும் அதில் கை கழுவிப் பார்த்தோம். ஒட்டத்தான் செய்தது.

சானிட்டைசர் பிளவுகளில் பட்டு எரியும். "எரிஞ்சாத்தானுங்க மேடம் வேலை செய்யுதுன்னு தெரியும்" என்றார்.

மதிப்பீடு

ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது எண்ணச்சுழற்சி நோய் (ஓசிடி). அதை அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலில் 40-க்கு 27 வந்தது. 24-க்கு மேல் போனால் கடுமை என்று கணக்கு. ஒரு நாளில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் இதில் போனது. ஒரு மணி நேரம் போனாலே நோய்க்கான வரையறைக்குள் வந்துவிடும். தூக்கம் குறைவு, எடை குறைந்திருந்தது, சாக வேண்டும் என்ற எண்ணம் இல்லை. மாமியார் பேச்சை எடுத்தால் கண் கலங்கும், உடனே எழுந்து கை கழுவப் போவார்.

வெறும் எச்சரிக்கை உணர்வு என்று விட்டுவிடலாமா? பெருந்தொற்றுக் காலத்தில் இது நியாயமான கேள்வி. நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது எண்ணச்சுழற்சி நோய் வரும். 2020-இல் பால் பாக்கெட்டைக் கழுவியவர்கள் அதைவிடப் பல மடங்கு. அவர்களுக்கெல்லாம் நோய்ப் பெயர் சூட்டுவது அபத்தம். தடவைக் கணக்கை வைத்தும் முடிவுக்கு வர முடியாது, கொரோனா வார்டு செவிலியர் இவரைவிட அதிகம் கழுவியிருப்பார். நாங்கள் கேட்டது வேறு: எப்போது நிறுத்துவீர்கள், நிறுத்த எது சொல்கிறது? செவிலியருக்கு விதிமுறை சொல்கிறது. இவருக்கு மனசு சொல்ல வேண்டும், மனசு சொல்வதில்லை.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வீட்டின் தற்காப்புகளை எல்லாம் எழுதச் சொன்னோம். எழுதியதைப் பார்த்தபோதுதான் வீட்டின் முழு நிலவரமும் தெரிந்தது. பால், நோட்டு, காய், செருப்பு, கதவுக் கொண்டி, போன், தெளிப்பான் என்று பக்கம் நிரம்பியிருந்தது. ஆனால் சன்னல்கள் எல்லாம் ஜூனிலிருந்து மூடியே இருந்தன, வெளிக் காற்றில் வந்துவிடும் என்று. அந்த அம்மா தடுப்பூசி போடவில்லை. செப்டம்பர் 12-இலிருந்து தமிழ்நாடு முழுக்க மெகா முகாம்கள் நடந்தும், முகாமில் கூட்டம் என்று போகவில்லை. கணவரும் போடவில்லை. இத்தனை கழுவிய வீட்டில், காற்றில் பரவும் ஒரு நோயைத் தடுக்க உண்மையில் உதவும் இரண்டும் இல்லை.

பயம் கைக்கு எட்டுகிற தற்காப்பைத்தான் தேர்ந்தெடுக்கும். கழுவினால் உடனே கொஞ்சம் நிம்மதி கிடைக்கும், சன்னலைத் திறந்தால் என்ன நிம்மதி? இதற்கு அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பொருள்களைத் தொட்டுத் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலிலேயே சொன்னது. மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் மே 20 அன்று சன்னலைத் திற, காற்றோட்டம் முக்கியம் என்று அறிவுரை வெளியிட்டது. அவர் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அது. ஆனால் போனை எடுத்தால் இருமல் சத்தத்தோடு கேட்ட கை கழுவும் அறிவிப்பு மனதில் பதிந்த அளவுக்குக் காற்றோட்டம் யாருக்கும் பதியவில்லை. தொடங்கச் சொன்ன குரலில் பாதிச் சத்தத்திலாவது 'இதை இனி விடலாம்' என்று சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பெஞ்சில் இருந்தவர்

கணவரிடம் முதலில் மனைவியைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். வீட்டில் எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டபோது "தறி செட்டுலதானுங்க" என்றார். ஜூலையிலிருந்து அங்கேதான். உள்ளே வர இவ்வளவு சடங்கு இருந்தால் எதற்கு வருவது? தறி ஓட்டுகிற இரண்டு ஆட்களோடு, பஞ்சு பறக்கும் மூடிய செட்டில், முகக்கவசம் இல்லாமல் இரவுகள். மனைவியின் தற்காப்பு கணவரை வீட்டைவிட ஆபத்தான இடத்துக்குத் துரத்தியிருந்தது. அவர் அங்கிருந்து வருவதைப் பார்த்து மனைவிக்குப் பயம் கூடியது.

எட்டுத் தறியில் மூன்றுதான் ஓடியது. பாவு (தறியில் ஏற்றும் நூல்) கிடைக்காமல் இல்லை, ஏற்றி ஓட்ட மனமில்லை. மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும், அதற்குமேல் தூக்கம் இல்லை. அம்மாவுக்குக் கொள்ளி வைத்தபோது உறையும் கவசமுமாக நின்றதைச் சொல்லும்போது குரல் மாறவே இல்லை, கூலிக் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். மனச்சோர்வு அளவுகோலான பிஎச்க்யூ-9-இல் 27-க்கு 17. "வந்தா வரட்டும்" என்பதைத் திரும்பச் சொல்லச் சொல்லி, வந்தால் என்ன ஆகட்டும் என்று நேரடியாகக் கேட்டோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆனா ஆவட்டுமுங்க, இருந்து என்ன பண்றது" என்றார். தற்கொலைத் திட்டம் எதுவும் இல்லை. ஆனால் முகக்கவசம் போடாதது அலட்சியம் இல்லை என்று அப்போது தெளிவானது. முகக்கவசம் போடாதவருக்கு அபராதம் போட்ட காலம் அது. போடாததற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சிகிச்சை

மனநல மருத்துவர் அந்த அம்மாவுக்குச் செர்ட்ராலின் 50 மில்லிகிராமில் தொடங்கி, சில வாரங்களில் படிப்படியாக 150-க்குக் கூட்டினார். எண்ணச்சுழற்சிக்கு மனச்சோர்வை விடக் கூடுதல் அளவு வேண்டியிருக்கும், பலன் தெரியவும் பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகலாம். இதை முன்பே சொல்லிவிட்டோம், இல்லாவிட்டால் மூன்றாம் வாரமே மாத்திரை நின்றுவிடும். கணவருக்கும் மனச்சோர்வு மருந்து. "எனக்கெதுக்குங்க" என்று ஒரு வாரம் சுணங்கினார், பிறகு சாப்பிட்டார். கைக்குத் தோல் பிரிவு களிம்பும், கழுவியதும் தடவ வாசலினும் கொடுத்தது.

மருந்தை விடக் கடினம், அஞ்சுவதைத் தொடவைத்து, தொட்டபின் கழுவாமல் இருக்கப் பழக்கும் சிகிச்சை. சாதாரண நாளில் நோயாளியைக் குப்பைக்கூடையைத் தொடச் சொல்லி உட்கார வைப்போம். தொற்று நிஜமாகவே சுற்றிக்கொண்டிருக்கும்போது அப்படிச் செய்ய முடியுமா? அதற்கு ஒரு கோடு போட்டோம். அரசு சொன்ன அளவுக்குக் கீழே போகமாட்டோம், அதற்கு மேலேயும் போகமாட்டோம். வெளியே போய்வந்தால், சாப்பிடும் முன், கழிப்பறைக்குப் பின், தும்மி இருமினால் கழுவலாம். ஒரு தடவை சோப்பு, ஒரு தடவை தண்ணீர், துடைப்பு. எண்ணக் கூடாது, எண்ணினால்தானே தவறும். பிசுபிசுப்பு உப்புத் தண்ணியுடையது, கிருமியுடையது இல்லை. வெளியே முகக்கவசம் கட்டாயம், சன்னல் திறப்பு கட்டாயம், தடுப்பூசி முதல் வாரத்திலேயே.

"அப்பிடிப் பண்ணுனா வராதுங்களா மேடம்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். வராது என்று நாங்கள் ஒரு தடவையும் சொல்லவில்லை. கல்நெஞ்சம் என்று தோன்றலாம். ஆனால் அந்த உறுதிமொழியும் ஒரு கழுவல்தான், கொடுத்தால் அரை மணி நேரத்தில் திரும்பக் கேட்கும். கணவரிடமும் மகளிடமும் அதையே சொன்னோம். இதுவரை அன்பு என்று நினைத்து அவர்கள் தெளிப்பானுக்கு முன் கையைத் தூக்கி நின்றார்கள். குடும்பம் நோய்க்கு வளைந்து கொடுக்கக் கொடுக்க நோய் இடம் பிடிக்கும். வளைவதைச் சட்டென்று நிறுத்தினாலும் வீடு ரணகளமாகிவிடும், அதனால் வாரம் ஒன்றாக நிறுத்தினார்கள். தெளிப்பானைக் கடைசியில் வைக்கலாம் என்று அந்த அம்மா கெஞ்சினார். மகளுடைய இருமலைக் காரணம் காட்டி அதைத்தான் முதலில் எடுத்தோம். தென்னம்பாளையத்தில் அதை ஏன் எடுத்தார்கள் என்ற கதையை அப்போது சொன்னோம். "எடுத்துட்டாங்களா?" என்று நம்பாமல் கேட்டார்.

பயத்தை அளக்க, ரூபாய்க்கு எத்தனை காசு என்று கேட்போம். பால் பாக்கெட்டைக் கழுவாமல் அடுப்பங்கரைத் திண்டில் வைத்த முதல் நாள் "எண்பது காசுங்க" என்றார். போனில் இணைப்பை வைத்துக்கொண்டே காத்திருந்தோம். பால் காய்ந்து, டீ போட்டு, மகள் குடித்து முடித்தபோது முப்பது. எதுவும் செய்யாமலே பயம் இறங்கும் என்பதை அவர் உடம்பு கண்டது அன்றுதான். நோட்டு, பள்ளிப் பை, கதவுக் கொண்டி என்று டிசம்பருக்குள் பாதிப் பட்டியல் முடிந்தது.

நூறு காசு போட்டிருந்தது மாமியாருடைய கயிற்றுக் கட்டில். அதைப் பூட்டிய அறையில் வைத்திருந்தார். அதில் உட்காரும் பயிற்சியில் அவர் சொன்னது கிருமியைப் பற்றியே இல்லை. "அத்தை மேல ஒக்கார்ற மாதிரி இருக்குதுங்க." பல வாரங்கள் கழித்துத்தான் போனில் கேட்ட அந்த வார்த்தையை எங்களிடம் முழுதாகச் சொன்னார். கணவருக்கு அந்த வார்த்தை தெரியும், ஆனால் மனைவிக்குக் கேட்டது தெரியாது. அவர்கள் இருவரும் மாமியாரின் சாவைப் பற்றி ஆறு மாதமாக ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டிருக்கவில்லை.

கணவருக்குச் செய்தது எளிமையானது. பொழுதோட ஏழு மணிக்கு வீட்டுக்குள் வந்தாக வேண்டும், ராத்திரிச் சாப்பாடு மூன்று பேரும் சேர்ந்து. தினம் ஒரு தறியாவது அவரே ஓட்ட வேண்டும். செட்டுச் சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். பாவு நூலில் ஈரம் காய்ந்துவிடும் என்று முனகினார். அது நியாயம்தான், ஆட்கள் இருக்கும் நேரம் மட்டும் திறப்பது என்று பேசி முடித்தோம். டிசம்பர் மெகா முகாம் ஒன்றில் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கோவிஷீல்டு முதல் தவணை போட்டார்கள். முகாமுக்குப் போனதே அந்த அம்மாவுக்கு ஒரு பயிற்சி.

ஒமிக்ரான்

2022 ஜனவரியில் எல்லாம் திரும்ப ஆடியது. 6-ஆம் தேதியிலிருந்து இரவு ஊரடங்கு, 9-ஆம் தேதி ஞாயிறு முழு ஊரடங்கு. கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகளும் நின்றன. கணவருக்கு விழிப்பு திரும்ப மூன்று மணிக்குப் போனது, அந்த அம்மாவின் நோட்டுப் புத்தகத்தில் கழுவல் கணக்கு இரட்டிப்பானது. அந்த மாதமே மகளுக்குக் காய்ச்சல் வந்தது, பரிசோதனையில் தொற்று உறுதியானது.

அவர் எதற்காக இவ்வளவு நாள் கழுவினாரோ அது நடந்தேவிட்டது. நாங்கள் தினமும் போனில் பேசினோம். மகளைச் சன்னல் உள்ள அறையில் படுக்க வைத்தார்கள். அந்த அறையில் இருந்த கட்டில் மாமியாருடையது, வேறு கட்டில் இல்லை. அம்மா முகக்கவசம் போட்டுக்கொண்டு கஞ்சி கொடுத்தார், விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் பார்த்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நடுவில் ஒரு பொழுது அவர் மகளிடம் இது எப்படி வந்திருக்கும் என்று கேட்டிருக்கிறார். "நாந்தாம்மா, ஸ்கூல்ல இருந்து" என்று மகள் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாளாம். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்ட வேண்டும் என்று அந்த அம்மாவுக்கே தோன்றவில்லை. அடுத்த தடவை வந்தபோது இதை எங்களிடம் இரண்டு தடவை சொன்னார். நாங்கள் விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை.

போக்கு

பிப்ரவரி இறுதியில் யேல்-பிரவுன் மதிப்பெண் 18. ரேகை திரும்ப வந்து ரேஷன் மிஷின் ஏற்றுக்கொண்டது, இதை அவர்தான் முதலில் சொன்னார். மே மாதம் மாமியாருக்கு முதல் வருட திதி. ஐம்பது அறுபது பேரைக் கூப்பிட்டார்கள். சமையலுக்கு ஆள் வைக்கலாம் என்று கணவர் சொன்னதற்கு, தானே செய்வதாக அந்த அம்மா நின்றார். மாமியாரின் தங்கையும் வந்தார். அவருக்குத் தான் சொன்னது நினைவிருந்ததா என்று தெரியவில்லை, யாரும் கேட்கவில்லை. சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். அன்று கழுவல் அதிகம்தான், அறுபது பேர் சாப்பிட்ட பாத்திரத்துக்கு அது தேவையும்கூட.

ஆகஸ்டில் மதிப்பெண் 11, கணவருக்கு மனச்சோர்வு 6. ஆறு தறி ஓடுகிறது. அந்த அம்மா பழைய கம்பெனிக்கே திரும்பப் போகிறார். பால் பாக்கெட்டை இன்னும் தண்ணீரில் காட்டித்தான் வைக்கிறார், சோப்பு இல்லை. நோட்டுகளை எண்ணியபின் கை கழுவுவதை விடவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. செர்ட்ராலினைக் குறைந்தது ஒரு வருடமாவது தொடர வேண்டும், நிறுத்துவதும் மெதுவாகத்தான் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இந்த நோயில் மருந்தை நிறுத்தினால் திரும்ப வருவது அதிகம்.

கணவரைப் பற்றி எனக்கு அவ்வளவு நிம்மதி இல்லை. மாத்திரையை அவராகவே ஜூலையில் நிறுத்திவிட்டார், மகள் சொல்லித்தான் தெரியும். தறி ஓடும்வரை நன்றாக இருப்பார். கூலி நின்றாலோ நூல் விலை ஏறினாலோ திரும்பச் சரியலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் உதவி எண் 14416-ஐ அவர் போனில் மகள் பதிந்து வைத்திருக்கிறாள். எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. அடுத்த தடவை அவர் பெஞ்சில் உட்காரக் கூடாது, அவர் பெயரில் தனிச் சீட்டு எழுதச் சொல்லியிருக்கிறோம்.